மாண்புமிகு அமைச்சர்களுக்கு நல்லாட்சிப் பயிற்சி

மொராந்தியா என்றொரு நாடு இருக்கிறது. உலகப் படத்தை விரித்துவைத்துக்கொண்டு கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சின்ன நாடு, பெரிய ராணுவம். முந்தைய தலைவர் மூட்டுவலி வைத்தியத்துக்கு வெளிநாடு போயிருந்த சமயம், தலைமைத் தளபதி வானொலி நிலையத்துக்குப் போய், நாட்டில் ஒழுங்கு திரும்பும்வரை ஆட்சிப் பொறுப்பைத் தாற்காலிகமாகத் தாம் ஏற்றுக்கொள்வதாக அறிவித்தார். அன்றைக்குப் பிறந்த குழந்தைகள் இப்போது கல்லூரிக்குப் போகிறார்கள். ஒழுங்கு இன்னும் திரும்பவில்லை. அது திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே ஓர் அமைச்சரவை இருக்கிறது.

அந்த அமைச்சரவைக்கு ஒரு சோதனை வந்தது. மொராந்தியாவுக்குக் கோதுமையும் மருந்தும் அனுப்பிக்கொண்டிருந்த நாடுகள் கூடிப் பேசி, அமைச்சர்கள் அனைவரும் நல்லாட்சிப் பயிற்சி பெற்றால் ஒழிய இனி மூட்டை வராது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டன. ஜனநாயகம் வேண்டும் என்று அவை கேட்கவில்லை. சர்டிபிகேட் போதும் என்றன.

சர்டிபிகேட்டுக்கு துபாயில் பஞ்சமில்லை. அதைத் தயாரிக்கும் கம்பெனிகளில் ஒன்றில்தான் திருச்சிக்காரரான வாசு வேலை பார்த்தார். அடுத்தவர்களுக்குத் தலைமைப் பண்பைக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். சொந்த அனுபவம் என்று பார்த்தால், வீட்டில் ஏசியை எத்தனையில் வைப்பது என்பதைக்கூட மனைவி ராதாவும் மகள் தாரிணியும்தான் தீர்மானித்தார்கள். ஆனால் மேடையில் ஏறி, கழுத்தில் மைக்கைச் செருகிக்கொண்டு, "உங்களுக்குள் ஒரு சிங்கம் தூங்குகிறது" என்று அவர் சொன்னால் வங்கி மேனேஜர்கள் கண் கலங்குவார்கள்.

முதலாளி தியாகு கோயம்புத்தூர்க்காரர். அவருடைய விசிட்டிங் கார்டில் 'தலைமை மகிழ்ச்சி மற்றும் உருமாற்ற அதிகாரி' என்று போட்டிருக்கும். ஒருநாள் அவர் வாசுவைக் கூப்பிட்டார்.

"வாசு, ஒரு கவர்மெண்ட் புராஜெக்ட் வந்திருக்கு. முழு கேபினெட். எல்லாரும் மிலிட்டரி."

"மிலிட்டரிக்கு என்ன சார் சொல்லிக் குடுக்கிறது?"

"ஜனங்க சொல்றதைக் காது குடுத்துக் கேக்கறதுக்கு. அதான் இப்ப டிரெண்ட். புஜைராவுல கடலோரமா ஒரு ஹோட்டல் போட்டிருக்கேன். துபாய்ல வெச்சா மாலுக்குள்ள போயி காணாமப் போயிருவாங்க." தியாகு கொஞ்சம் நிறுத்தி, கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டார்: "உங்க விசா அடுத்த மாசம் முடியுதில்ல? இது நல்லா முடிஞ்சா அதுவும் நல்லா முடியும்."

தாரிணி பன்னிரண்டாம் வகுப்பு. நடுவில் ஊருக்கு மூட்டை கட்டினால் பரீட்சை அவ்வளவுதான். அன்று வீட்டில் ராதா, "ஏங்க, துப்பாக்கியோட வருவாங்களா?" என்று கேட்டாள்.

"அதை ஏர்போர்ட்லயே வாங்கி வெச்சுருவாங்க."

"அப்ப என்ன? நீங்க பாட்டுக்கு அந்தச் சிங்கத்தைப் பத்திப் பேசிட்டு வாங்க" என்று தைரியம் சொல்லி அனுப்பினாள்.

மலைகளைக் குடைந்து போட்ட பாதையைத் தாண்டி புஜைராவில் இறங்கினால், எண்ணெய்க் கப்பல்கள் கரையைப் பார்த்தபடி வரிசையாக நங்கூரமிட்டு நிற்கும். அந்தக் காட்சி தெரியும் கூடத்தில் அமைச்சரவை வந்து அமர்ந்தது. மாட்சிமை தங்கிய தலைவர் மட்டும் வரவில்லை. வெளிநாடு போகிற தலைவர்களுக்கு என்ன நேரும் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? எனவே தம் தொப்பியை அனுப்பியிருந்தார். ஒரு கேப்டன் அதை வெல்வெட் மெத்தையில் ஏந்திவந்து நடு நாற்காலியில் வைத்தார். அமைச்சர்கள் எழுந்து சல்யூட் அடித்தார்கள்.

விருந்து ஏற்பாடுகளைக் கவனித்தவள் துஷானி. யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைப் பெண். அவள் வாசுவை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அண்ணை, தொப்பிக்கும் சாப்பாடு வைக்கட்டாம். கேப்டன் சொல்லிப்போட்டுப் போறார்."

"வெச்சிடும்மா. எதுக்கு வம்பு?"

"உப்பில்லாமல் வைக்கோணுமாம். பிரஷர் இருக்காம்."

"தலைவருக்கா, தொப்பிக்கா?"

"நான் கேக்கேல்லை அண்ணை. எனக்கும் இஞ்சை வேலை வேணும்" என்றாள் துஷானி.

முதல் அமர்வு அறிமுகம். குழுவுக்குத் தலைவர் ஜெனரல் கஸ்தோர், துணைப் பிரதமர். பீரங்கிப் படையில் இருந்தவர், அதனால் மெதுவாகப் பேசத் தெரியாது. பண்பாட்டுத் துறையும் அவரிடம்தான் இருந்தது. சுகாதார அமைச்சர் கர்னல் பிலிமோ எழுந்து, "நாட்டிலேயே அதிகம் பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவன் என்ற முறையில் எனக்கு இந்தத் துறை வழங்கப்பட்டது" என்று அடக்கத்துடன் சொன்னார். கல்வி அமைச்சர் முன்பு சிறைகளின் தலைவர். "அங்கே வருகைப் பதிவு நூற்றுக்கு நூறு. பள்ளிக்கூடங்களில் அது இல்லை. சுவர் உயரம் போதாது" என்று குறை கண்டுபிடித்திருந்தார். தகவல் தொடர்பு அமைச்சர் சிக்னல் பிரிவில் தந்திக் கம்பிகளை அறுப்பதில் பதக்கம் வாங்கியவர்.

கடைசியாக எழுந்தவர் மீன்வளத்துறை அமைச்சர் கமடோர் லுசான். மொராந்தியாவைச் சுற்றி நாலு பக்கமும் நிலம்தான். ஆனாலும் கடற்படை உண்டு, நாட்டின் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? நரைத்த மீசையோடு அந்தக் கடற்படைக்குத் தலைமை தாங்கிய லுசான், கடலைப் பார்த்தது அன்றைக்குத்தான். கண்ணாடிச் சுவரை விட்டு அவர் கண்ணை எடுக்கவே இல்லை. தேநீர் கொண்டுவந்த துஷானியிடம் மெல்லக் கேட்டார்:

"இது முழுவதும் உப்புத் தண்ணீரா?"

"ஓம் சேர்."

"அந்தக் கடைசிவரைக்குமா?"

"அங்காலயும் இருக்கு சேர்."

கமடோர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வாசு வேலையைத் தொடங்கினார். ஆளுக்கொரு மஞ்சள் ஒட்டுத்தாள் கட்டைக் கொடுத்து, "நாட்டை முன்னேற்ற உங்களுக்குத் தோன்றும் கருத்தை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்" என்றார். யாரும் பேனாவைத் தொடவில்லை.

"யாருடைய கருத்தை?" என்று கேட்டார் கர்னல் பிலிமோ.

"உங்கள் கருத்தைத்தான்."

"அதாவது, நான் எந்தக் கருத்து வைத்திருக்க வேண்டும்?"

கொஞ்ச நேரம் அமைச்சர்கள் தொப்பியைப் பார்த்தார்கள். அப்புறம் ஜெனரலைப் பார்த்தார்கள். ஜெனரல் எழுதி ஒட்டியதும் மளமளவென்று எல்லாரும் எழுதி ஒட்டினார்கள். 'தலைவரின் கருத்தே என் கருத்து' என்று பலவிதக் கையெழுத்தில் சுவர் மஞ்சளாகிவிட்டது. ஒரே ஒரு தாளில் மட்டும் 'கடல் மிகவும் பெரியது' என்றிருந்தது. ஜெனரல் கண்ணைக் காட்ட, கேப்டன் போய் அதைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் வாசு ஒரு விளையாட்டு வைத்தார். ஒருவர் கண்ணை மூடிப் பின்பக்கமாகச் சாய வேண்டும், பின்னால் நிற்பவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். பரஸ்பர நம்பிக்கை வளரும் என்பது ஏற்பாடு. துபாய் வங்கிகளில் இந்த விளையாட்டு முடிந்ததும் கட்டிப்பிடித்து அழுவார்கள். இங்கே வாசு சொல்லி முடிப்பதற்குள் அமைச்சரவை முழுவதும் நாலு சுவரிலும் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றது.

"யாராவது ஒருவர் முன்னே வாருங்கள்" என்று கெஞ்சினார் வாசு.

"மிஸ்டர் வாசு, எங்கள் அமைச்சரவையில் பின்னால் ஆள் நின்று பதவி இழந்தவர்கள் மூன்று பேர். உயிர் இழந்தவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. வேறு விளையாட்டு இருந்தால் சொல்லுங்கள்" என்றார் ஜெனரல்.

அன்று சாயங்காலம் வாசுவுக்குச் சோறு இறங்கவில்லை. ராதா போனில், "எப்படிப் போகுது?" என்றாள்.

"சிங்கமெல்லாம் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கிட்டு."

"விசா?"

"அதைக் கேக்காத" என்றார் வாசு.

மூன்றாம் நாள் தியாகு நேரில் வந்துவிட்டார். கதவு திறந்ததும் வாசு எழுந்து நின்றார். தியாகு ஒரு நகைச்சுவை சொன்னார், வாசு சிரித்தார். மைக் கரகரத்தது, அது ஹோட்டலுடைய மைக், ஆனாலும் "என்ன வாசு இது?" என்றார் தியாகு. "சாரி சார்" என்றார் வாசு. தாரிணி பரீட்சைக்காக வாசு கேட்டிருந்த லீவு இந்த வருஷம் கஷ்டம் என்று எல்லார் முன்னிலையிலும் தியாகு சொன்னார். "பரவால்ல சார், புரியுது சார்" என்றார் வாசு. பிறகு தியாகு தொப்பியோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு, சிரித்த முகமாக காபி குடிக்கப் போனார்.

முதல்முறையாக அமைச்சர்கள் எல்லாரும் வாசுவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமையற்காரன் இன்னொரு சமையற்காரன் வைத்த குழம்பை ருசி பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. ஜெனரல் தொண்டையைச் செருமினார்.

"ஒரு சந்தேகம். வந்துபோனாரே, அவர் துப்பாக்கி வைத்திருக்கிறாரா?"

"இல்லை."

"படை?"

"ஹெச்.ஆர். இருக்கிறது."

"அவர் சொன்ன நகைச்சுவை நன்றாக இருந்ததா?"

வாசு கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "இல்லை."

"ஆனால் சிரித்தீர்கள். நாங்கள் கவனித்தோம். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு உண்மையாகவே சிரித்தீர்கள். எங்கள் நாட்டில் பக்கத்தில் லத்தியோடு ஆள் நிறுத்தினால்கூட அந்தச் சிரிப்பு வருவதில்லை. எப்படி?"

வாசுவுக்குக் களைப்பு. மூன்று நாளாக நல்லாட்சி நடத்தியதில் மூளை ஓய்ந்திருந்தது. யோசிக்காமல் சொல்லிவிட்டார்: "என் விசா அவருடைய கம்பெனி பேரில் இருக்கிறது."

"விளக்கமாகச் சொல்லுங்கள்" என்று ஜெனரல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

வாசு சொன்னார். இங்கே இருப்பதற்கு விசா வேண்டும். அதற்கு ஒரு கஃபீல் வேண்டும், அதாவது நமக்குப் பொறுப்பேற்கும் ஆள் அல்லது கம்பெனி. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, கைரேகை, அடையாள அட்டை. தவணை முடிந்தால் புதுப்பிக்க வேண்டும்.

"வேலை போனால்?"

"விசா ரத்து. கொஞ்சம் அவகாசம் தருவார்கள். அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் கிளம்ப வேண்டியதுதான்."

"உங்கள் குடும்பம்?"

"அவர்கள் விசா என் பேரில் இருக்கிறது."

ஜெனரல் எழுந்தே விட்டார். "ஒரு கையெழுத்தில் ஒரு குடும்பம்! நாங்கள் ஒரு ஆளுக்கு மூன்று காவலர் போட்டுக்கொண்டிருக்கிறோம்!"

"ஊர்வலம், மறியல் உண்டா?" என்று கேட்டார் கல்வி அமைச்சர்.

"அதற்கெல்லாம் நேரம் ஏது? டியூட்டி இருக்கிறதே."

"உங்களை எல்லாம் எங்கே பிடித்தார்கள்?"

"யாரும் பிடிக்கவில்லை. நாங்களாகத்தான் வந்தோம். விசா கிடைத்த அன்று எங்கள் அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள்."

தகவல் தொடர்பு அமைச்சரின் பேனா கீழே விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வாசுவின் தொழில் வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த பயிற்சி அமர்வு. யாரும் தொப்பியைப் பார்க்கவில்லை. ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கிட்டார். ஒட்டுத்தாள் தீர்ந்து, துஷானி ஓடிப்போய் வேறு நிறத்தில் கொண்டுவந்தாள். 'குடிமக்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.' 'பிறக்கும் குழந்தைக்கு முதலில் விசிட் விசா. நடத்தை பார்த்து நிரந்தரம்.' 'தேசபக்திக்கு ரத்தப் பரிசோதனை.' 'வெள்ளைப் பின்னணியில் புகைப்படம், இரண்டு காதும் தெரிய வேண்டும்.'

"காது எதற்கு?" என்றார் கர்னல் பிலிமோ.

"அது என் துறை" என்றார் தகவல் தொடர்பு அமைச்சர்.

வாசு அவசரமாகக் குறுக்கிட்டார். "ஐயா, தவறாகப் புரிந்துகொண்டீர்கள். இது வெளியிலிருந்து பிழைக்க வருகிறவர்களுக்கான ஏற்பாடு. அவர்களுக்குத் திரும்பிப்போக ஒரு ஊர் இருக்கிறது. சொந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு எப்படி விசா போட முடியும்?"

"எங்களைக் கேட்டா பிறந்தார்கள்?" என்றார் ஜெனரல்.

அந்த அமர்வில் அதுவரை வாயே திறக்காத கமடோர் லுசான் கையைத் தூக்கினார். "ஒரு கேள்வி. ரத்து செய்கிறோம். கிளம்பு என்கிறோம். வேறு நாடே இல்லாதவன் எங்கே கிளம்புவான்?"

வாசு தரையைப் பார்த்தார். கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த துஷானி, தன்னைத்தான் கேட்டார்கள் என்பதுபோல நிமிர்ந்து, ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள்.

"போவார்கள் சேர். எங்கேயாவது போவார்கள். என்னுடைய மாமாக்கள், சித்திகள் ஐந்து நாட்டில் இருக்கிறார்கள். ஒரு கல்யாணத்துக்கு எல்லாரும் ஒன்றுசேர வேண்டுமென்றால் ஐந்து எம்பசியில் நிற்க வேண்டும்."

"பார்த்தீர்களா லுசான்? ஏற்கெனவே சோதித்துப் பார்த்து வெற்றி கண்ட முறை" என்று ஜெனரல் மேசையைத் தட்டினார்.

துஷானி வாசு பக்கம் திரும்பி, "நான் அப்பிடியோ சொன்னனான், அண்ணை?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கமடோர் எழுந்து, கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு, பூட்ஸோடு மணலில் இறங்கி நடந்தார். சர்டிபிகேட் வழங்கும் விழாவுக்கு அவரை முழங்கால் அளவு தண்ணீரிலிருந்து கூட்டிவர வேண்டியிருந்தது. ஊர் திரும்பும்போது ஒரு பாட்டிலில் கடல்நீர் எடுத்துப்போனார். விமான நிலையத்தில் அதைக் கொட்டச் சொல்லிவிட்டார்கள்.

மற்றபடி பயிற்சி அமோக வெற்றி. அமைச்சர்கள் அனைவரும் 'மிகவும் திருப்தி' என்று எழுதிக் கொடுத்தார்கள். தொப்பியின் சார்பில் கேப்டன் எழுதினார். கோதுமை மூட்டைகள் கிளம்பின. வாசுவின் விசா புதுப்பிக்கப்பட்டது. ராதா பால் பாயசம் வைத்தாள். அன்று பாயசம் அவருக்குக் கொஞ்சம் திகட்டியது, அவ்வளவுதான்.

சில மாதங்களில் மொராந்தியாவில் 'தேசிய வதிவிட அனுமதித் திட்டம்' அமலுக்கு வந்தது. தொலைக்காட்சியில் காட்டினார்கள்: விடியற்காலையிலேயே வரிசை, எல்லார் கையிலும் காது தெரியும் புகைப்படம். ஒரு பெரியவரிடம் நிருபர் கருத்துக் கேட்டார். "முன்பு எப்போது தூக்குவார்கள் என்று தெரியாமல் பயந்துகொண்டிருந்தோம். இப்போது தேதி போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நிம்மதியாகப் பயப்படலாம்" என்றார் அவர்.

திட்டத்துக்கு வழிகாட்டியதற்காக தியாகுவின் கம்பெனிக்கு 'ஆண்டின் சிறந்த ஆட்சிப் புதுமை' விருது கிடைத்தது. வாசுவுக்கு மொராந்தியா அரசு நேரடியாக ஒரு கௌரவம் வழங்கியது. 'கௌரவ கஃபீல்' என்று பட்டம். வெளிநாட்டவர் யாராயிருந்தாலும் வாசு கையெழுத்துப் போட்டுப் பரிந்துரைத்தால், மொராந்தியாவில் பத்து வருஷம் குடும்பத்தோடு தங்கலாம். வாசு அதை வேடிக்கை என்று நினைத்து அலமாரியில் வைத்திருந்தார்.

விருதுக்காக தியாகு ஒரு பெரிய விருந்து கொடுத்தார். துபாய், ஷார்ஜா தமிழ்க் குடும்பங்களெல்லாம் வந்திருந்தன. பேச்சு மொராந்தியா பக்கம் திரும்பியது.

"சொந்த ஊர்ல இருக்க விசாவா? அநியாயமா இல்ல?" என்றார் ஒரு வங்கிக்காரர்.

"வெக்கங்கெட்ட ஜனங்க. எப்படித்தான் பொறுத்துக்கிட்டு இருக்காங்களோ!" என்றார் ஓர் இன்ஜினீயர்.

எல்லாரும் நன்றாகச் சிரித்தார்கள். யாரோ ஒரு பெண்மணி மட்டும், "ஆனா வெளியாளுக்குப் பத்து வருஷம் குடுக்கறாங்களாமே?" என்றாள்.

சிரிப்பு நின்றது.

"பத்து வருஷமா?"

"நடுவுல ரத்து பண்ண மாட்டாங்களாமா?"

"அங்க சிபிஎஸ்இ ஸ்கூல் இருக்கா?"

"மாமனார் மாமியாரைக் கூட்டிட்டுப் போலாமா?"

தட்டுகளோடு ஒவ்வொருவராக வாசுவின் மேசைக்கு நகர்ந்தார்கள். அநியாயம் என்ற வங்கிக்காரர் தன் கார்டைக் கொடுத்தார். வெட்கங்கெட்ட ஜனங்கள் என்ற இன்ஜினீயர் மனைவியின் கார்டையும் சேர்த்துக் கொடுத்தார். "அங்க வெயில் இப்படி இருக்காதாம்" என்று ஒருவர் மொராந்தியாவின் தட்பவெப்பத்தைப் புகழ்ந்தார். ராதா வாசுவின் காதில், "நம்ம பேரை முதல்ல போட்டுருங்க" என்றாள்.

கூட்டம் கலைந்தபின் தியாகு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வாசுவின் முழங்கையைப் பிடித்து ஜூஸ் கவுண்டர் ஓரமாகக் கூட்டிப்போனார்.

"வாசு சார்" என்றார்.

வாசு பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

"நமக்கும் ஒண்ணு பண்ணிக் குடுங்க சார். கம்பெனி என்னுதுன்னு எல்லாரும் நினைச்சுட்டு இருக்காங்க. எம் விசாவும் இன்னொருத்தர் பேர்லதான் இருக்கு. ஒரு மாசமா அவரு நான் கூப்பிட்டா போனே எடுக்கறதில்ல."

வாசுவுக்கு முதலில் பாவமாகத்தான் இருந்தது. 'அதுக்கென்ன சார், நாளைக்கே போட்டுத் தரேன்' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் முதுகெலும்பில் புதிதாக ஏதோ ஒன்று ஏறி நிமிர்ந்தது. இத்தனை வருஷம் அவர் மேடையில் வர்ணித்த சிங்கமாக இருக்கலாம். அதற்கு இவ்வளவு ருசி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

"பாக்கலாம், தியாகு" என்றார். "அடுத்த வாரம் ஞாபகப்படுத்துங்க."

பதிலுக்குக் காத்திராமல் ஐஸ்கிரீம் இருந்த பக்கம் நடந்தார்.